மன்னார் காஸும் முழங்காவில் மண்ணெண்ணெயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்க் கடலுக்கடியில் இருக்கும் எரிவாயுவை எடுத்துவிட்டால் நாட்டின் எரிபொருள் கஷ்டம் தீரும், வடக்குக்கும் விடிவு வரும் என்ற பொருளில் போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். என் கராச்சில் இருந்துதான் வாசித்தேன். பக்கத்து மேசையில் நாச்சிக்குடாப் படகு எஞ்சின் ஒன்று பிரித்தபடி கிடந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அட்டையாகப் பிடித்திருக்கிறது. அதைச் சுரண்டிக்கொண்டே யோசித்ததை எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவிலில் மிஷின் திருத்துகிறவன். 35 வருஷமாக இதுதான் தொழில். கிழக்கால் வயல்காரர் தண்ணீர் இறைக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேற்கால் கடல்காரர் படகு எஞ்சினை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டு பகுதியையும் என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பது மண்ணெண்ணெய்தான். நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் எரிபொருள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை வன்னியில் இருந்தவனுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்கு 23 வயது. பெற்றோலைப் போத்தல் கணக்கில் வாங்கிய காலம் போய் மூடிக் கணக்கில் வாங்கிய காலம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வில் கோத்த திரி. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. மோட்டார் சைக்கிள்களை நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடவைத்தோம். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. அதனால் ஹாண்டிலில் ஒரு சின்னப் போத்தலைக் கட்டி, அதில் இரண்டு மூடி பெற்றோல் விட்டு, சேலைன் ரியூப்பால் காபுரேற்றருக்கு இணைத்துக்கொள்வோம். பெற்றோலில் எழுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வீட்டுக்கு வரும்போது கடைசி ஒழுங்கையில் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்துபோனால் காபுரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தேங்கிவிடும், அடுத்த நாள் காலை எத்தனை உதை உதைத்தாலும் சைக்கிள் அசையாது. அப்படி உதைத்துக் களைத்தவர்கள்தான் என் முதல் வாடிக்கையாளர்கள்.

அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் என்ன விலை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தும் ஒன்றுக்கும் உதவியிராது. வன்னிக்குள் ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் விலையைத் தீர்மானித்தது முதலில் தாண்டிக்குளம் சோதனைச் சாவடி, பிறகு ஓமந்தைச் சாவடி. சப்புகஸ்கந்தையில் 1969இலிருந்து சுத்திகரிப்பு நிலையம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொழும்பில் வாகனங்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நாட்டில் எண்ணெய் இருந்தது, எங்களிடம் வரவில்லை. கட்டுரையாளர் 'உள்நாட்டு எண்ணெய், உள்நாட்டு எரிவாயு' என்று எழுதும் இடமெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. உள்நாடு என்றால் எதுவரைக்கும்?

சரி, பழைய கதையை விடுவோம். 2022க்கு வருவோம். அந்த வருஷம் எங்கள் அனுபவம் முழு நாட்டுக்கும் கிடைத்தது. சுத்திகரிக்காத மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரிலேயே சப்புகஸ்கந்தையை நிறுத்தினார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா. அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று இரண்டு கிழமை பூட்டிவைத்தார்கள். பிறகு வாகன இலக்கத்தைப் பதிந்து எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தது: தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், உழவு இயந்திரம் போன்றவற்றுக்கு 15 லீற்றர். 15 லீற்றரில் எத்தனை ஏக்கர் உழலாம் என்று உழவுகாரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், நல்ல தமிழில் பதில் சொல்வார்கள். வாகனத்துக்காவது இலக்கத் தகடு இருந்தது, தண்ணீர் மிஷினுக்கு ஏது? தொடக்கத்தில் கமநல சேவை நிலையத்துக்கும் எண்ணெய் செட்டுக்கும் இடையில் கடிதத்தோடு அலைந்தவர்களை நான் கண்ணால் கண்டேன்.

அந்த ஓகஸ்டில்தான் பெரிய அடி விழுந்தது. 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெயை ஒரே இரவில் 340 ரூபாவாக்கினார்கள். நாச்சிக்குடாவில் நண்டு வலைக்குப் போகும் ஒரு சின்னப் படகு ஒருதரம் தொழிலுக்குப் போய்வர 20 லீற்றர் எரிக்கிறது என்று வையுங்கள். 1,740 ரூபாவில் முடிந்த செலவு 6,800 ரூபாவானது. நண்டின் விலை அப்படி ஏறவில்லை. அந்த மாதம் என் கராச்சுக்கு எஞ்சின்கள் வந்தன, ஆனால் திருத்துவதற்கு அல்ல. 'அண்ணை, இதை விற்றுத்தர முடியுமோ' என்று கேட்டு வந்தன. ஒருவர் மட்டும் விற்கவில்லை. எஞ்சினைப் பொலித்தீனில் சுற்றி என் கராச்சின் மூலையில் வைத்துவிட்டு, பாய் கட்டிப் போனார். மூன்று மாதம் கழித்து வந்து எடுத்தார். எலி வயரைக் கடித்திருந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை, என் எலிதானே.

இப்போது மன்னாருக்கு வருகிறேன். அங்கே எண்ணெய் தேடுவது இன்று நேற்றைய கதை இல்லை. 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவில் பேசாலையில் துளையிட்டார்கள். என் பெரியப்பா பேசாலையில் பெண் எடுத்தவர். 'ரஷ்யாக்காரன் கிணறு' என்று சொல்லிச் சிரிப்பார். விற்கிற அளவுக்கு எண்ணெய் வரவில்லை, ஆனால் ஊருக்கு ஒரு கதை கிடைத்தது. பிறகு 2011இல் கெய்ர்ன் லங்கா கம்பனி மன்னார்ப் படுகையில் மூன்று கிணறு தோண்டி இரண்டில் எரிவாயுவைக் கண்டது. அந்த இடங்களுக்கு டொராடோ, பரகூடா என்று பெயர் வைத்தார்கள். 2013இல் தோண்டிய அடுத்த கிணறு கைகொடுக்கவில்லை. 2015இல் கம்பனி போய்விட்டது. 2003இல் ஒரு பெற்றோலிய வளச் சட்டம், 2021இல் இன்னொரு சட்டம், அதன் கீழ் ஓர் அதிகாரசபை. சட்டம் இரண்டு வந்தது, காஸ் ஒரு கன அடிகூட இன்னும் கரைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிப் போகிறது. ஒரு மெக்கானிக்குக்கு அந்த இடம்தான் முக்கியம். இரணைமடுக் குளம் முழுதாக நிரம்பினால் 36 அடி. டொராடோ கிணறு இருக்கும் இடத்தில் கடலின் ஆழம் மட்டும் 1,300 மீற்றருக்கு மேல். அந்த ஆழத்துக்குக் கீழே இன்னும் பாறையைத் துளைத்துப் போக வேண்டும். கடலடியில் வால்வு பூட்டி, கரைக்குக் குழாய் போட்டு, வருகிற காஸை நாள் தவறாமல் எரிக்க ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். எண்ணெய் என்றால் பீப்பாயில் அடைத்து யாருக்கும் விற்கலாம். காஸ் அப்படி இல்லை, குழாயின் மறுமுனையில் வாங்குபவன் முதலிலேயே நின்றாக வேண்டும். சின்ன நாட்டில் அப்படி ஒரு பெரிய வாடிக்கையாளன் என்றால் மின்சார நிலையம்தான்.

இங்கே என் மனைவியின் கேள்வியையும் எழுத வேண்டும். கட்டுரையை நான் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, 'அப்ப இனி சிலிண்டர் விலை குறையுமோ?' என்று குசினியிலிருந்து கேட்டார். 2021 ஒக்ரோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனதை அவர் மறக்கவில்லை. அந்த விலைக்குப் பிறகு கட்டிய விறகு அடுப்பு இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பின்கோடியில் எரிகிறது. கேள்வி நியாயமானது, பதில்தான் கசப்பு. சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் இந்தச் சூட்டிலேயே திரவமாகிவிடும், அதனால்தான் அதை இரும்புப் போத்தலில் அடைத்து சைக்கிளில்கூடக் கொண்டுவர முடிகிறது. மன்னாரில் எதிர்பார்க்கிற இயற்கை எரிவாயு பெரும்பாலும் மெதேன். அதைத் திரவமாக்க வேண்டுமானால் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிராக்க வேண்டும். மெதேனோடு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்து வந்தால் பிரித்தெடுக்கலாம், அதற்குத் தனியாக ஓர் ஆலை வேண்டும். ஆகவே மன்னாரில் காஸ் வந்த மறுநாள் முழங்காவில் குசினிக்கு ஒன்றும் வராது. இரண்டையும் 'காஸ்' என்ற ஒரே சொல்லால் சொல்வதால் வரும் மயக்கம் இது. பத்திரிகைகளாவது பிரித்து எழுதினால் நல்லது.

அதற்காக எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாற் மின்நிலையம் ஒன்றும் 350 மெகாவாற் மின்நிலையம் ஒன்றும் நிற்கின்றன. இரண்டும் காஸில் ஓடக்கூடியவை. காஸ் இல்லாமல் டொலர் கொடுத்து வாங்கிய எண்ணெயை எரிக்கின்றன. பெற்றோலுக்குச் செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினது நாங்கள் மட்டும் என்று நினைத்திருந்தேன்! அந்த எண்ணெய்க்குப் பதில் எங்கள் கடல் காஸ் எரிந்தால் மிச்சமாகும் டொலரில் இன்னொரு கப்பல் டீசல் வாங்கலாம். 2022இல் அப்படி ஒரு கப்பல் வந்திருந்தால் இங்கே எத்தனை வயல் தப்பியிருக்கும்.

கட்டுரை சொல்லாத இன்னொன்று யூரியா. மெதேனிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கி, அதிலிருந்துதான் உலகத்தில் பெரும்பாலான யூரியாவைச் செய்கிறார்கள். 1980களில் சப்புகஸ்கந்தையில், எண்ணெய் சுத்திகரிக்கும்போது வரும் நாப்தாவை வைத்து யூரியா செய்த ஆலை ஒன்று கொஞ்சக் காலம் ஓடி மூடப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் காலபோக நெல் விதைத்தாயிற்று. பயிர் மஞ்சளாகி நின்றதை அக்கராயனிலும் வவுனிக்குளத்திலும் கண்டவர்களிடம் போய் 'எரிசக்திப் பாதுகாப்பு' என்று சொல்லிப் பாருங்கள். மின்சாரத்தைவிட முதலில் யூரியாவைத்தான் கேட்பார்கள். வன்னிக்கு மன்னார் காஸால் நேரடியாக ஒரு நன்மை வருமென்றால் அது உர மூட்டையாகத்தான் வரும் என்பது என் எண்ணம். யூரியா ஆலை கட்டப் பெரும் பணம் வேண்டும், எங்கள் காஸின் அளவுக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். பார்க்கட்டும். பார்த்து, முடியாது என்றால் அதையும் எங்களுக்குச் சொல்லட்டும்.

'சொந்த எண்ணெய் இருந்தால் விலை எங்கள் கையில்' என்றும் கட்டுரையில் இருக்கிறது. அப்படி நடக்காது. கிணறு தோண்டுகிற கம்பனி தன் செலவை முதலில் எடுத்துக்கொள்ளும், பிறகுதான் பங்கு பிரிப்பு. பெரும்பாலும் விற்கிற விலையும் உலகச் சந்தையை ஒட்டித்தான் எழுதப்படும். மும்பைக் கடலிலும் காவிரிப் படுகையிலும் எண்ணெய் எடுக்கிற இந்தியா, தனக்குத் தேவையான மசகு எண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் இன்னும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. பங்களாதேஷ் பல காலம் சொந்தக் காஸிலேயே மின்சாரமும் உரமும் செய்த நாடு. பழைய கிணறுகள் இறங்க இறங்கப் புதிதாகத் தேடுவது போதாமல் போய், 2018இலிருந்து கப்பலில் காஸ் இறக்குகிறது. கிடைத்த அன்றே இது தீருகிற சாமான் என்று கணக்கு வைக்காவிட்டால் இதுதான் கதி. தென்னந்தோட்டத்தை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கினவர்களை எங்கள் ஊரிலும் தெரியும்.

குழாய் எங்கே கரையேறும்? பெயர் மன்னார்ப் படுகை. ஆனால் காஸ் கண்ட இடங்கள் மன்னாருக்குத் தெற்கே, கற்பிட்டிக் கரைக்கு அப்பால் இருக்கின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல் மின்நிலையம் இருக்கிறது, கெரவலப்பிட்டியில் காஸை எரிக்கக் காத்திருக்கும் நிலையங்கள் இருக்கின்றன. குழாய் அந்தப் பக்கம்தான் போகும், அதில் பிழையும் இல்லை. மன்னார்த் தீவில் இப்போதே 30 காற்றாடிகள் சுற்றுகின்றன, 103.5 மெகாவாற். பாலம் தாண்டிப் போகும்போது வெள்ளை வெளேரென்று தெரியும். அந்த மின்சாரம் நாட்டுக்குப் போகிறது, நல்லது. ஆனால் மின்வெட்டு வந்தால் அந்தக் காற்றாடியின் காலடியில் இருக்கும் வீடும் இருட்டில்தான் இருக்கும். கடலில் காஸ் வந்தாலும் அதே கதைதான் என்றால், 'வடக்குக்கு விடிவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கடல்காரர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. எண்ணெய் தேடும் கப்பல் பின்னால் பல கிலோமீற்றர் நீளக் கேபிளை இழுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் காற்றுவெடி வெடித்துக்கொண்டே போகும். அந்தப் பாதையில் வலை போட விடமாட்டார்கள். ஏற்கெனவே இந்திய இழுவைப் படகுகளுக்கு வலையைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களுக்கு இன்னொரு பக்கத்தாலும் கடல் சுருங்கும். மன்னார் வளைகுடா கடற்பசுவும் கடற்புல்லும் முத்துச் சிப்பியும் இருந்த கடல். 2020 செப்டெம்பரில் 'நியூ டயமண்ட்' என்ற கப்பல் 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு கிழக்குக் கடலில் எரிந்தபோது, தொட்டிகள் உடையாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். அடுத்த தரமும் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க முடியாது. அக்கரைத் தமிழ்நாட்டில் நெடுவாசல் மக்கள் 2017இல், எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மாதக்கணக்கில் பந்தலில் இருந்தார்கள். 2020இல் காவிரி டெல்டாவை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்கச் சட்டமே வந்தது. அந்தச் சனம் பந்தல் போட்ட பிறகுதான் அவர்கள் சொல்வதை அரசு கேட்டது. இங்கே கிணறு தோண்டுவதற்கு முன்பே சனத்திடம் கேட்டுவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது கடலுக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. திருகோணமலையில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றைப் பிரித்து ஒப்பந்தமும் எழுதினார்கள். அங்கிருந்து வன்னி எட்டிப்பிடிக்கும் தூரம். அதில் ஒரு தாங்கியிலாவது வடக்குக் கிழக்கு விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் என்று ஒரு போகத்துக்கான டீசலையும் மண்ணெண்ணெயையும் ஒதுக்கி வைக்கலாம். கமநல சேவை நிலையத்திலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் மிஷின் கணக்கும் படகுக் கணக்கும் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த தட்டுப்பாடு வரும்போது கடிதத்தோடு அலையாமல் பெயரைச் சொல்லி வாங்கலாம். இதற்கு 1,300 மீற்றர் ஆழம் இறங்கத் தேவையில்லை. மன்னார் காஸ் வரும்போது வரட்டும். அது இன்று முடிவெடுத்தாலும் குழாயில் வர வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் எஞ்சினுக்கு ஏதாவது ஊற்ற வேண்டுமே.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அதிகாரிகளைச் சந்திக்கும்போது மூன்று விஷயம் கேட்டு எழுதுங்கள்: குழாய் எந்தக் கரையில் ஏறும், யூரியாவுக்கு எவ்வளவு ஒதுக்குவார்கள், தேடும் கப்பல் வரும் நாட்களில் வலை போட முடியாத படகுக்கு யார் காசு கொடுப்பார்கள். அப்புறம் முழங்காவில் பக்கம் வந்தால் கராச்சுக்கும் வாருங்கள். ஹாண்டிலில் கட்டிய அந்தப் பழைய போத்தலும் சேலைன் ரியூப்பும் இன்னும் ஆணியில் தொங்குகிறது, காட்டுகிறேன்.

கடிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இடையில் இரண்டு தரம் எழும்பிப் போய் நாச்சிக்குடா எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் வந்து கேட்பார்கள்.

இப்படிக்கு,
மிஷின் திருத்துகிறவன் ஒருவன்,
முழங்காவில்.